மகன் பிடித்து வந்த நத்தை: வளர்க்கலாமா?

ஜெலுத்தோங் அம்மா:
வணக்கம். சனிக்கிழமை மழை விட்டதும் என் மகன் ஃபிளாட்டுக்குக் கீழே போய், சாக்கடையோரம் இருந்த பெரிய நத்தை ஒன்றையும் ஓடே இல்லாத கறுப்பு நத்தை இரண்டையும் மைலோ டின்னில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஒன்பது வயது. "நாய் குரைக்கும், பூனை சோபாவைக் கிழிக்கும்னு சொன்னீங்க. இது ரெண்டும் செய்யாதே" என்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை. மாமியார் கையில் உப்பு டப்பாவோடு நிற்கிறார். எதில் வைப்பது, என்ன கொடுப்பது? நர்சரியில் வாங்கிய உரமண் ஒரு பை இருக்கிறது, அதைப் போடலாமா? நோய் ஏதும் வருமா?

செந்தூல்காரன்:
அக்கா, முதலில் உப்பு டப்பாவை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் தம்பி சோப்புப் போட்டுக் கையைக் கழுவட்டும். அந்த டின்னில் இனி மைலோ வேண்டாம்.

நான் மூன்று வருடமாக வளர்க்கிறேன். அவன் பிடித்த பெரியது அநேகமாக சிப்புட் பாபிதான், அதாவது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே மலேசியாவில் ஊன்றிவிட்டது, தோட்டக்காரர்களுக்குத் தலைவலி. வளர்ப்பது சுலபம். ஆனால் சாக்கடையோரம் பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டாம். காரணம் எலி. எலியின் நுரையீரலில் ஒரு புழு உண்டு. 1935-இல் சீனாவின் காண்டன் நகரில் கண்டுபிடித்ததால் அதன் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. எலிக்கழிவைத் தின்னும் நத்தைக்குள் அதன் குட்டிப்புழு தங்கும். மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரை கொண்டுபோய்விடும். தொட்டவுடனே வந்துவிடாது. தொட்ட கையை வாயில் வைப்பதும், நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் பச்சையாகத் தின்பதும்தான் ஆபத்து. ஒன்பது வயதுப் பையன் கை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் தொடங்கியது முட்டையிலிருந்து. வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைக் கிளறியபோது வெள்ளையாக ஒரு குவியல், ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி. இரண்டை மட்டும் கழுவி ஈரமான தேங்காய் நார்த் தூளில் வைத்தேன், பத்து நாளில் பொரிந்தன. முட்டையிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்வது எலிக்கழிவைத் தொட வழியில்லை. கழுவிய காய்கறி மட்டும் கொடுத்தால் போதும். கையுறை போட்டுக்கொண்டு நீங்களும் பூச்சட்டிகளுக்கு அடியில் தேடிப் பாருங்கள்.

உரமண் வேண்டாம், உரம் அதற்கு ஆகாது. மூடியுள்ள டப்பாவில் நார்த் தூளை நாலு விரல் ஆழத்துக்குப் பரப்புங்கள், பகலில் அதற்குள் புதைந்துகொள்ளும். பிழிந்தால் சொட்டக்கூடாது, சொதசொதவென்று வைத்தால் சிற்றுண்ணி வரும். குழாய் நீரை ஒரு இரவு வைத்திருந்து சாயங்காலம் தெளியுங்கள். மூடிக்குக் கிளிப் வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு போய், காலையில் சாமி மேடை மணிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய், சக்கரைவள்ளிக்கிழங்கு, சாவி என்கிற கடுகுக்கீரை. ஓடு வளர சுண்ணாம்புச் சத்து எப்போதும் டப்பாவில் இருக்க வேண்டும். பாசாரில் சோத்தோங் காத்தாக் என்கிற கணவாய் வாங்கினால் முதுகில் வெள்ளை ஓடு இருக்குமே, அதை உப்புப் போகக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். முட்டைஓடும் ஆகும். நத்தையை எடுக்கும்போது ஓட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், ஓட்டின் விளிம்பு பிஞ்சு. ஈரக்கையை முன்னால் வைத்தால் தானே ஏறும்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு டப்பா பக்கம் காதை வையுங்கள். வெள்ளரியை அது அராவும் சத்தம் கேட்கும், தேங்காய் துருவும்போது கடைசியில் சிரட்டையைச் சுரண்டுகிற மாதிரி. நாக்கில் ஆயிரக்கணக்கான பல். ஓட்டுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு துளை மெல்லத் திறந்து மூடும், மூச்சு விடுவது அப்படித்தான். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான். ஒரு தடவை சேர்ந்தால் விந்தைச் சேமித்துவைத்து மாதக்கணக்கில் முட்டையிடும், ஒரு ஈட்டில் நூற்றுக்கு மேல். பொரிய விட்டுக் கீழே கொட்டுவது மகாபாவம். நான் முட்டையை ஃப்ரீசரில் வைத்து அழித்துவிடுவேன். அந்த ஃப்ரீசர் டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் பாயசத்துக்கு எடுத்துவிட்டார்கள், நல்லவேளை திறந்து பார்த்தார்கள்.

பட்டர்வொர்த் பாட்டி:
தம்பி சொன்னது சரி. ஓடில்லாத கறுப்பை, மலாய்க்காரர்கள் லிந்தா பூலான் என்பார்கள், எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். ஓடு இல்லாததால் சீக்கிரம் காய்ந்துபோகும், டப்பாவின் காற்றுத் துளை வழியாக உடம்பை ஒல்லியாக்கி நழுவும். தொடங்குகிறவர்களுக்கு ஆகாது. முதுகில் நகம் அளவு ஓட்டுத் துண்டு ஒட்டியிருக்கிற பழுப்பு நிறத்தது கிடைத்தால் தொடவே வேண்டாம், எலிப்புழு அதில் அதிகம் என்கிறார்கள். நர்சரிக் கடைகளில் நத்தையைக் கொல்லும் நீலநிற மருந்து விற்பார்கள், அதைப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

பையனுக்கு ஒரு செய்தி. நம் தீபகற்பத்தில் ஒளி விடும் நத்தை உண்டு, குவாண்டுலா ஸ்ட்ரியாட்டா. ஒளி விடுகிற தரை நத்தை என்று முதலில் தெரிந்தது அதுதான். 1943-இல் ஹனேடா என்ற ஜப்பானியர் சிங்கப்பூரில் கவனித்தார். வாய்ப்பக்கம் பச்சை மின்னல் விட்டு விட்டு வரும். பிடிக்க வேண்டாம், இருட்டில் தேடிப் பார்த்தால் போதும்.

ஜெலுத்தோங் அம்மா:
இருவருக்கும் நன்றி. மூன்றையும் சாக்கடையோரம் விட்டுவந்தோம், ஒரு பாட்டம் அழுகை. கீழ்வீட்டு அக்காவின் துளசித் தொட்டிக்கு அடியில் முட்டை கிடைத்தது, இரண்டு எடுத்தோம். மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது, பெயரும் எழுதியாகிவிட்டது. சோத்தோங் ஓடு மாமியார் பொறுப்பு. உப்புப் போகவில்லை என்று மூன்றாவது தடவையாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.