வகுப்புத் தளம்: நமக்குத் திறக்கிறது, பிள்ளைகளுக்குத் திறக்கவில்லையே?

கணினி ஆசிரியர்:
வலைத்தளம் அமைக்கும் கருவியான கூகுள் சைட்ஸில் வகுப்புத் தளம் போட்டவர்கள் சொல்லும் முதல் புகாரே தலைப்பில் இருக்கிறது. அனுமதி ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் காரணம். தளத்தை யார் திருத்தலாம் என்பது ஒன்று, வெளியிட்ட தளத்தை யார் பார்க்கலாம் என்பது இன்னொன்று, பக்கத்தில் ஒட்டிய டிரைவ் (கூகுளின் இணையச் சேமிப்பிடம்) கோப்பை யார் திறக்கலாம் என்பது மூன்றாவது. தளத்தைப் பொதுவாகத் திறந்தால் கோப்பும் கூடவே திறந்துவிடாது. பக்கம் வரும், பயிற்சித்தாள் இருக்க வேண்டிய இடத்தில் அனுமதி கேட்கும் பெட்டி வந்து நிற்கும்.

ஒவ்வொரு கோப்பாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றாவது விட்டுப்போகும். டிரைவில் வகுப்புக்கென ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்கு மட்டும் 'லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம்' என்று கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுக்க வேண்டாம். உள்ளே போடும் கோப்பு எல்லாம் அதே அனுமதியைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே மதிப்பெண் பட்டியல் தவறிக்கூட அந்த ஃபோல்டருக்குள் போகக் கூடாது.

பள்ளிக் கணக்கில் செய்த தளம் என்றால் இன்னொரு பூட்டும் இருக்கலாம். பள்ளிக்கு வெளியே பகிர்வதைப் பள்ளிக் கணக்குகளின் நிர்வாகி தடுத்திருந்தால், பள்ளி மின்னஞ்சல் உள்ள பிள்ளைக்குத் தெரியும். சொந்த ஜிமெயிலில் பார்க்கும் அம்மாவுக்குத் தெரியாது. இதை ஆசிரியரால் மாற்ற முடியாது, நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

சோதிக்கும்போது பிரவுசரின் இன்காக்னிட்டோ (மறைநிலை) ஜன்னலில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் எல்லா லிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். இன்னொன்று: திருத்தியபின் மறுபடி பப்ளிஷ் அழுத்தாவிட்டால் மற்றவர்களுக்குப் பழைய பக்கம்தான் தெரியும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை:
அனுமதி சரியானாலும் முகப்பு சரியில்லை என்றால் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பெரிய பேனர், அதன்கீழ் வரவேற்புரை, அதன்கீழ் பொன்மொழி. மூன்று முறை தள்ளினால்தான் வீட்டுப்பாடம். பெரும்பாலோர் மொபைலில்தான் பார்க்கிறார்கள். முதல் திரையிலேயே இந்த வாரப் பாடவேலை, ஒப்படைக்கும் நாள், அடுத்த தேர்வு, ஆசிரியரைத் தொடர்புகொள்ளும் வழி, இவ்வளவு போதும். புதியது மேலே, முடிந்தது 'பழையவை' பக்கத்துக்கு.

எழுதும் விதமும் முக்கியம். "நாளைக்குள் கணக்கை முடிக்கவும், இங்கே கிளிக் செய்க" என்றிருந்தால், இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த நாளை என்று தெரியாது. "கணக்கு, பயிற்சி 3.2, கேள்வி 1 முதல் 8 வரை. ஒப்படைக்கும் நாள்: ஜூன் 12, வெள்ளி" என்று எழுதுங்கள். லிங்க்கில் "பயிற்சி 3.2 தாள், 2 பக்கம், பிடிஎஃப்" என்று இருக்கட்டும், தொடும் முன்பே என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

அறிவியல் ஆசிரியர்:
கால அட்டவணையைப் போட்டோ எடுத்துப் போடும் பழக்கத்தை முதலில் விடலாம். பெரிதாக்கினால் மங்கும், தேடினால் அகப்படாது, பார்வைக் குறையுள்ளவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரால் படிக்க முடியாது. அட்டவணையை எழுத்தாகவே தட்டச்சுங்கள். படம் தேவைப்படும் இடத்தில் மாற்று உரை (படத்தைச் சொல்லால் விவரிக்கும் குறிப்பு) சேருங்கள்: "படம் 1" என்றல்ல, "இலையின் குறுக்குவெட்டு, இலைத்துளை அம்புக்குறியுடன்" என்று.

போன் போட்டோ 4000 பிக்சல் அகலமும் 3, 4 எம்பி எடையுமாக இருக்கும். பத்துப் படம் போட்டால் 30 எம்பிக்கு மேல். சில கருவிகள் தாமே சுருக்கும், சில சுருக்காது; 1200 பிக்சல், 200 கேபி அளவுக்கு நாமே சுருக்கி ஏற்றுவது நல்லது.

நிறத்துக்கு டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைக்கும் வழிகாட்டி) விதி தெளிவாக இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் மஞ்சள் 1.1:1 கூடத் தேறாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று வானவில் நிறத்தில் எழுதுவது பிள்ளைகளுக்குப் படிக்கவே ஆகாது.

தமிழாசிரியை:
பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றியபின் ஒருமுறை படித்தும் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

கணினி ஆசிரியர்:
விட்டுப்போனவை. பக்கத்தின் பெயரை மாற்றினால் முகவரியும் மாறிப் பழைய லிங்க் செத்துவிடும். அதனால் க்யூஆர் குறியீட்டை முகப்புக்கு மட்டும் போடுங்கள். அதன் அளவு, ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 2 மீட்டரில் நிற்பவருக்கு 20 செ.மீ.

கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் கணக்கில் நுழையச் சொல்லும்; கணக்கில்லாத பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த ஆண்டுக்குத் தளத்தை நகலெடுக்கும்போது உள்ளே ஒட்டிய கோப்புகள் பழைய ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகே பழைய ஃபோல்டரை அழியுங்கள்.