சவேரியார் வீடு குழு: ஞாயிறு பூசையும் பிரிட்டோவின் தூண்டிலும்

மேரி: ஞாயிறு காலை 7 மணி பூசைக்கு அப்பா பெயரைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அப்பா இறந்து வருடம் திரும்பிவிட்டது. மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். எத்தனை பேர் என்று இன்றே சொல்லுங்கள்.

ரோசி: நாங்கள் 4

ஆரோக்கியம்: 3. மீன் யார் வாங்குவது?

அமலா: அம்மா, பிரிட்டோ மச்சான் காதில் முள் ஏறிவிட்டது. கடற்கரையிலிருந்து இப்போதுதான் வந்தார்

மேரி: ஐயோ, என்ன முள்?

பிரிட்டோ: பயப்படாதீர்கள் அத்தை. ஃபிளை ராடு, அதாவது இறகு கட்டிய முள்ளைத் தடித்த கயிற்றால் வீசும் தூண்டில் கம்பு, அதை வீசிப் பழகினேன். பின்னால் போன கயிறு திரும்பி வரும்போது தூண்டில் முள் காதில் குத்திவிட்டது. முள் கழன்று வராமல் தடுக்கும் எதிர்முள்ளை முன்பே குறடால் நசுக்கி வைத்திருந்தேன், சுலபமாக வந்துவிட்டது.

ரோசி: டிடி ஊசி போட்டாயா?

ஆரோக்கியம்: அந்த ராடு விலைக்கு இரண்டு மாதம் மீன் வாங்கலாம்.

ஜெரால்டு: அண்ணே, விலையை விடுங்கள். பிரிட்டோ, எங்கே நின்றாய்? எந்தக் கை?

பிரிட்டோ: வடகடல். கடலைப் பார்த்து நின்றேன். நொட்டாங்கை.

ஜெரால்டு: அதுதான் காரணம். இது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். வடகடலைப் பார்த்து நின்றால் காற்று உன் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். வலதுகைக்காரனுக்குக் கவலை இல்லை, காற்றே கயிற்றை அவன் உடம்பை விட்டு விலக்கிவிடும். உனக்குத் தலை மேலேயே கொண்டுவந்து போடும். நீ திரும்பி நில். முகம் கரைக்கு, முதுகு கடலுக்கு. கரைப் பக்கம் முன்வீச்சு, கடைசியில் பின்வீச்சிலேயே கயிற்றைக் கடலில் விடு. அப்போது காற்று உன் வலப்பக்கம் வந்துவிடும், கயிறு உன்னைத் தொடாது. ஓமானில் 9 வருடம் படகு ஓட்டியபோது நல்ல கைக்காரர்கள் இப்படி வீசுவதைப் பார்த்திருக்கிறேன்.

அமலா: குருசடைத் தீவுப் பக்கம் போய் வீசினால் மீன் அதிகமாமே மாமா?

ஜெரால்டு: வேண்டவே வேண்டாம். அங்கே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அதுவும் இந்தக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்.

மேரி: ஜெரால்டு தம்பி, மீனுக்கு வழி சொல்.

ஆரோக்கியம்: சனிக்கிழமை விசைப்படகு போகிற நாள். மீன் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். பூசை முடிந்து குழம்பு வைக்க நேரம் எங்கே இருக்கிறது?

ரோசி: நாட்டுப்படகு மீன் சொல்லி வைக்கலாம்

ஆரோக்கியம்: நம் வள்ளம் இருந்திருந்தால் யாரிடமும் சொல்லி வைக்க வேண்டாம்.

மேரி: அண்ணே, விற்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கள்.

ரோசி: சரி, இப்போது அது எதற்கு?

பிரிட்டோ: சித்தப்பா, தூரமும் போகவில்லை. 10 மீட்டர் கூடத் தாண்டவில்லை. பலமாகத்தான் வீசினேன்.

ஜெரால்டு: பலம்தான் கெடுக்கிறது. நம் தூண்டிலில் ஈயக்குண்டு நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் இறகு கட்டிய முள்ளுக்குச் சொல்லும்படியான எடை இல்லை. எடை எல்லாம் அந்தத் தடித்த கயிற்றில்தான். கயிறு பின்னால் முழுதாக நீண்டால்தான் கம்பு வளையும். வீசுவது வளைந்த கம்பு, உன் தோள் இல்லை. கடிகார முள்ளை நினைத்துக்கொள். முன்னால் 10 மணி, பின்னால் 1 மணி. அங்கே சட்டென்று நிறுத்து. மணிக்கட்டை மடக்கினால் கம்பு 3 மணி வரை சாய்ந்து கயிறு மணலில் விழும். நிறுத்திய பிறகு பொறு. தலையைத் திருப்பிக் கயிற்றைப் பார். அது நேராகிற நொடியில் முன்னால் கொண்டுவா. அவசரப்பட்டால் சாட்டை மாதிரிச் சொடுக்கி இறகு அறுந்து போகும். சொடுக்குச் சத்தம் கேட்டதா?

பிரிட்டோ: கேட்டது. 2 இறகு போய்விட்டது.

ஜெரால்டு: பார்த்தாயா! முதலில் 30 அடி கயிறு மட்டும் வெளியே எடு. அந்த அளவு எடைக்குத்தான் கம்பையே செய்கிறார்கள். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி, கோயில் மைதானத்தில் பழகு.

மேரி: கோயில் மைதானத்தில் சனிக்கிழமை பந்தல் போடுகிறார்கள்.

பிரிட்டோ: ஒரு மீன் தொட்டது சித்தப்பா. கட்டா மீனாக இருக்கும். கம்பைத் தூக்கினேன், விட்டுவிட்டது.

ஜெரால்டு: கம்பைத் தூக்குவது ஆற்று டிரவுட்டுக்கு. கட்டா, பாறை மீன்களுக்கு வாய் கடினம். கம்பு வளைந்து கொடுத்தால் முள் ஏறாது. நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்தி, மற்றக் கையால் கயிற்றைச் சுண்டி இழு. முள் ஏறாவிட்டாலும் இறகு தண்ணீரிலேயே இருக்கும், மீன் மறுபடி வரும். தாத்தா கைத்தூண்டிலில் நரம்பை விரல் மேல் வைத்துச் சுண்டுவாரே, அதேதான். உனக்கு இது ரத்தத்தில் இருக்கிறது.

மேரி: அப்பாவும் நொட்டாங்கைதான். சாப்பாடு வலது கை, தூண்டில் மட்டும் இடது.

ஆரோக்கியம்: எனக்கும் அந்தக் கைதான். பள்ளிக்கூடத்தில் அடித்து மாற்றினார்கள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரிட்டோ: அப்பா, இது எனக்குத் தெரியாதே

ஜெரால்டு: எனக்கும் தெரியாது அண்ணே.

ரோசி: பிரிட்டோ, ஊசி போட்டாயா இல்லையா?

பிரிட்டோ: சாயங்காலம் போகிறேன் சித்தி

ஜெரால்டு: சனி விடியற்காலை நானும் வருகிறேன். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காதே, தேய்த்து நட. மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். வந்ததும் ராடு, ரீல் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவு. அக்கா, அப்பாவின் தூண்டில் பெட்டி யாரிடம் இருக்கிறது?

மேரி: எங்கள் பரண் மேல். யாராவது வந்து இறக்குங்கள். அமலாவுக்கு எட்டாது.

ஆரோக்கியம்: விடியற்காலை என்றால் எத்தனை மணி?

ஜெரால்டு: 5 மணி அண்ணே. வாங்க.

மேரி: அண்ணனும் போனால் பந்தலுக்கு யார் நிற்பது? மீன் என்ன ஆயிற்று?

அமலா: பெரிய மாமா 3 என்றார். அதில் மச்சானும் சேர்த்தியா?

ரோசி: பாறை கிடைத்தால் பாறை. இல்லாவிட்டால் சாம்பார்