ஏரிச் சேற்றில் டைனோசர் எலும்பு நிலைப்பது எப்படி?

கேள்வி: பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 1878-இல், 322 மீட்டர் ஆழத்தில் இகுவானோடான் என்னும் டைனோசரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, அவற்றுள் பல மூட்டுக் கலையாமலே இருந்தனவாம். வெட்டவெளியில் இறக்கும் மாட்டின் எலும்பே சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்போது, இவை சுமார் 12 கோடி ஆண்டுகள் எவ்வாறு நிலைத்தன?

மறுமொழி 1: அக்காலத்தில் அங்கிருந்த ஏரியின் அடியில் படிந்த நுண்களிமண்ணே முதற்காரணம். ஆக்சிஜன் குறைந்த அச்சேற்றில் பிணந்தின்னிகளும் மண்ணைக் குடையும் புழுக்களும் வாழ்வது அரிது; அலையும் நீரோட்டமும் இல்லாததால் உடல் விழுந்த இடத்திலேயே மூடப்பட்டது. பின்னர் நிலத்தடி நீரிலுள்ள கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளை நிரப்பின. அங்கே அப்படி நிரம்பியவற்றுள் முக்கியமானது பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. அப்படியானால் பைரைட் எலும்பைக் காத்தது எனலாமா?

மறுமொழி 1: மண்ணுக்குள் இருந்தவரை சரி. வெளியே எடுத்ததும் அதுவே பகையாயிற்று. ஈரக்காற்று பட்டவுடன் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கந்தக அமிலத்தையும் பருத்து விரியும் சல்பேட் உப்புகளையும் உண்டாக்க, எலும்பு வெடித்துப் பொடியாகத் தொடங்கியது. அதனால்தான் தோண்டியவர்கள் பாரிஸ் சாந்துக் கவசமிட்டு அவற்றை மேலேற்றினார்கள். பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று அவை கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கின்றன.

மறுமொழி 2: இதை எல்லா இடத்துக்கும் பொருத்த வேண்டாம். கனடாவின் ஆல்பர்ட்டாவில், சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலோரச் சமவெளியில், தடம் மாறிய ஆறுகள் மணலைக் கொட்டி எலும்புகளை விரைவாகப் புதைத்தன. ஆனால் வெள்ளம் உருட்டியதால் சென்ட்ரோசாரஸ் என்னும் கொம்புள்ள டைனோசரின் எலும்புகள் பெரும்பாலும் கலைந்தும் உடைந்துமே கிடைக்கின்றன.