வீட்டுக் குளத்தில் காட்டு வாத்து: சோறு வைக்கலாமா, வலை போடலாமா?

செம்பருத்தி:
சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் தரைவீடு எங்களுக்கு. பின்கட்டில் சின்னக் குளம், அதில் கோய் மீன், கொஞ்சம் அல்லி. கொஞ்ச நாளாக இருட்டுகிற நேரத்தில் ஒரு ஜோடி வாத்து வந்து இறங்குகிறது. பழுப்பு நிறம், நீளக் கழுத்து, விசில் அடிக்கிற மாதிரி சத்தம். மாமியார் மிச்சச் சோற்றோடு காத்திருக்கிறார், கணவரோ மீனைத் தின்றுவிடும், வலை கட்டியே தீருவேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கிராஞ்சி_ராஜா:
விசில் என்றால் சீழ்க்கைச் சிறகிதான். இங்கே இரண்டு வகை உண்டு. சின்னது இந்த ஊர்ப் பறவை, கிராஞ்சி சதுப்புநிலம் மாதிரி இடங்களில் பார்க்கலாம். பூமலை (தாவரவியல் பூங்கா) ஏரியில் திரிகிற பெரிய வகை முன்பு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதில் பெருகியது, விலாவில் வெளிர் மஞ்சளாக இறகுகள் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்களுடையதில் அது பளிச்சென்று தெரியவில்லை என்றால் சின்ன வகை. ராத்திரியில் மேய்கிற பறவை, அதனால்தான் அந்த நேரத்தில் வருகிறது. புல், விதை, நத்தை, பொடி மீன்தான் அதன் சாப்பாடு. வளர்ந்த கோயை அது ஒன்றும் செய்யாது, நீங்கள் பயப்பட வேண்டியது நீர்நாய்க்கு!

அல்லிக்குளம்:
மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், சோறு கூடவே கூடாது. 2020 ஜூனிலிருந்து காட்டு உயிர்களுக்கு உணவு போடுவது இங்கே குற்றம், நம் வீட்டு வளாகத்துக்குள் போட்டாலும்தான். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி மாட்டினால் 10,000. அதை விடுங்கள், மிச்சச் சோறு தண்ணீரில் ஊறிக் கெட்டால் அம்மோனியா ஏறி முதலில் சாவது உங்கள் கோய்தான். வாத்து எச்சமும் சேரும், ஃபில்டரை இப்போதைவிட அடிக்கடி கழுவுங்கள், கழுவியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கிராஞ்சி_ராஜா:
வலை பற்றி ஒன்று. மெல்லிய நைலான் வலையைத் தொங்கலாக விரித்தால் பறவையின் கால், இறக்கை எல்லாம் சிக்கிக்கொள்ளும், இருட்டில் வருகிற பறவைக்கு அது கண்ணிலேயே படாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தடிமனான கயிற்று வலையை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள். என்னைக் கேட்டால் ஒரு ஜோடிக்கு இவ்வளவு வேலை தேவையில்லை.

செம்பருத்தி:
நன்றி! விலாவில் அப்படி இறகு எதுவும் இல்லை, சின்ன வகைதான் போல. சட்டம் என்றதும் மாமியார் தட்டை உள்ளே வைத்துவிட்டார், முகம்தான் கொஞ்சம் வாடியிருக்கிறது. குஞ்சு பொரித்தால் என்ன செய்வது? எங்கள் குளத்துச் சுவர் செங்குத்தாக இருக்கும்.

அல்லிக்குளம்:
அதுதான் ஆபத்து. குஞ்சு உள்ளே இறங்கிவிடும், ஏறத் தெரியாமல் நீந்திக்கொண்டே களைத்து மூழ்கிவிடும். சொரசொரப்பான பலகை ஒன்றைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள், ஒரு நுனி தண்ணீருக்குள் இருக்கட்டும். குஞ்சைப் பிடித்து டப்பாவில் போடுகிற வேலை வேண்டாம், தாயும் தந்தையும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளும். அடிபட்டுக் கிடந்தால் மட்டும் தேசியப் பூங்காக் கழகத்துக்குக் கூப்பிடுங்கள்.

புக்கிட்_தீமா_வாசி:
கொசு?? டெங்கிச் சோதனைக்கு ஆள் வந்தால் வாத்து வருகிறது என்று சொல்லித் தப்ப முடியாதே.

அல்லிக்குளம்:
மீன் இருக்கிற குளத்தில் கொசுப்புழு தங்காது, கப்பி மீன் கொஞ்சம் விட்டால் இன்னும் நல்லது. பூந்தொட்டித் தட்டைப் பாருங்கள் முதலில்.