டிசைன் வேலைக்கு லேப்டாப் வாங்கினீர்களா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வடசேரி டிசைனர்:
செப்டம்பர் 8 மாதா திருநாள். அதற்கு முந்தின வாரம் ஒரு கடற்கரை ஊருக்கு 20க்கு 10 அடி ஃப்ளெக்ஸ் செய்து கொடுத்தேன். லேப்டாப் புதுசு, கேமிங் மாடல், தனி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கோயில் முற்றத்தில் விரித்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பாட்டி குனிந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாதாவுக்க அங்கிக்கு ஏன் மக்களே கத்தரிப்பூ நிறம்?” என் திரையில் அது நல்ல நீலம். அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. பிறகுதான் விவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நிறம் காட்டும் அளவில் திரை 45 சதவீத என்டிஎஸ்சி. அதாவது திரைகளுக்கான பொது நிறத் தொகுப்பான எஸ்ஆர்ஜிபியின் நிறங்களில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் அதில் தெரியும். கார்டைப் பார்த்த நான் திரையைப் பார்க்கவில்லை.

மார்த்தாண்டம் ஆஃப்செட்:
அண்ணே, திரை மட்டமானது என்பது சரி. ஆனால் நீலம் கத்தரிப்பூ ஆனதற்கு லேப்டாப்பைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆர்ஜிபியில், அதாவது திரையின் நிற முறையில், வைத்த கடுநீலத்தை அச்சு மைகளின் முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் சயானோடு (பச்சை கலந்த நீல மை) மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு மை) கிட்டத்தட்ட சமமாக ஏறிவிடும். அச்சில் அது கத்தரிப்பூதான். மெஜந்தாவை சயானைவிட 30 புள்ளியாவது குறைத்து வைக்க வேண்டும். ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப் வைத்திருக்கிற பையன்கள் கொண்டுவரும் கல்யாணக் கார்டு ஃபைலிலும் இதே தப்பை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

தக்கலைக்காரி:
எனக்கு நிறம் பிரச்சினை இல்லை, ரேம். “8 ஜிபி எடுங்க, அப்புறம் ஏத்திக்கலாம்” என்றார் கடைக்காரர். ஆறே மாதத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் ஃபைல் திறந்தாலே தொங்க ஆரம்பித்தது. சர்வீஸ் கடையில் பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, “ஸ்லாட்டே இல்லை பாருங்க அக்கா, ரேம் போர்டோடு பற்றவைத்தது” என்று காட்டினார்கள். வாங்கிப் போன புது 8 ஜிபி அப்படியே என் கையில் இருந்தது.

குளச்சல் அலை:
ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே எல்லாம் சரி மார்த்தாண்டம் அண்ணே, ஆனால் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை எப்படித் திருத்துவது? நானும் ஒரு பட்டுச்சேலை விளம்பரத்தில் மாட்டியிருக்கிறேன், அது போகட்டும். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், இது இரண்டும் இல்லாமல் தொடவே வேண்டாம். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்காது, மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ரேம் 16 ஜிபி. 20க்கு 10 அடியை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி), சிஎம்ஒய்கேயில் வைத்தால் படத்தின் ஒரு முழு லேயரே (அடுக்கே) 600 எம்பி வரும், தங்கச்சி சொன்ன தொங்கல் அதனால்தான். வெறும் கார்டு, நோட்டீஸ் அடிப்பவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் இல்லை, அந்தப் பணத்தைத் திரையில் போடுங்கள். பென்டிரைவில் நீங்கள் ஏற்கெனவே அச்சடித்த ஒரு ஃபைலைக் கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பாருங்கள். பக்கவாட்டில் இருந்தும் பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலோரம் வைத்து வேலை செய்யாதீர்கள், உப்புக்காற்று போர்ட்டையெல்லாம் அரித்துவிடும்.

வடசேரி டிசைனர்:
மார்த்தாண்டம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய ஃபைலைத் திறந்தேன். சயான் 100, மெஜந்தா 92. அண்ணன் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த 92 என் திரையில் நீலமாகத்தானே தெரிந்தது! அந்த ஃப்ளெக்ஸைத் திரும்ப வாங்கிவந்து சுருட்டி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வேறு லேப்டாப் பார்க்கப் போகிறேன். அங்கியில் இருந்து ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டாயிற்று. கடையில் ஃபைலைத் திறந்து, துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.