வகுப்பறைப் பிரார்த்தனை: விலகிக்கொள்ளும் உரிமை போதாதா?

கேள்வி:
அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் நடத்தும் பிரார்த்தனையை உச்ச நீதிமன்றம் தடுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதைத் திரும்பக் கொண்டுவரும் கோரிக்கை ஓயவில்லை. விருப்பமில்லாத மாணவர் விலகிக்கொள்ளலாம் என்று விதியில் சேர்த்துவிட்டால், விரும்புவோரை ஏன் தடுக்க வேண்டும்? நம்பிக்கையுள்ளவன் என்ற முறையில் இதை மனதாரக் கேட்கிறேன்.

பதில் 1:
நீங்கள் கேட்கும் விலக்கு அன்றே இருந்தது. நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் இயற்றிய சிறு பிரார்த்தனை எந்த மதத்தின் பெயரையும் சொல்லவில்லை. விரும்பாத பிள்ளைகள் பேசாமலிருக்கலாம், வெளியேறவும் செய்யலாம். ஆயினும், மக்கள் ஓதுவதற்கான பிரார்த்தனையை இயற்றுவது அரசின் வேலையன்று என்று கூறி, 1962-இல் எங்கல் எதிர் விட்டேல் வழக்கில் நீதிமன்றம் அதை நீக்கியது. மறு ஆண்டு வந்த பென்சில்வேனியா வழக்கு இன்னும் தெளிவானது. அங்கே நாள்தோறும் பைபிளிலிருந்து பத்து வசனங்களாவது வாசிக்கப்பட வேண்டும். பெற்றோர் கடிதம் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு உண்டு. வழக்குத் தொடுத்த தந்தை எட்வர்ட் ஷெம்ப் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஆசிரியர்களும் உடன் படிப்போரும் தம் பிள்ளைகளை விநோதமாகப் பார்ப்பார்கள் என்றும், வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை தண்டனை பெற்றதாகவே கருதப்படும் என்றும் அவர் சாட்சியமளித்தார். அந்த வாசிப்பையும் நீதிமன்றம் தடுத்தது. விலகிக்கொள்ளும் உரிமையின் விலையைச் சிறுபிள்ளையே செலுத்த வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பதில் 2:
அத்தீர்ப்புகளை ஏற்கிறேன், ஆனால் அவை மதத்தையே பள்ளியிலிருந்து விரட்டியதாகப் பேசுவது தவறு. தேர்வுக்கு முன் மாணவர் தாமாக வேண்டிக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. பிற மாணவர் மன்றங்களுக்கு இடமளிக்கும் உயர்நிலைப் பள்ளி, மத மன்றத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். ஆசிரியருக்கும் நம்பிக்கை உண்டல்லவா? ஆட்டம் முடிந்தபின் மைதானத்தில் மண்டியிட்டு வேண்டிய, வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்ட்டன் ஊர்ப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரின் உரிமையை 2022-இல் நீதிமன்றம் உறுதிசெய்தது.

பதில் 3:
அந்த வழக்கையே நான் எச்சரிக்கையாகக் காண்கிறேன். சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறையும் என்று அஞ்சியே தம் மகன் பிரார்த்தனையில் கலந்துகொண்டதாக ஒரு தந்தை முறையிட்டிருந்தார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமேயரும் இவ்வகை நெருக்கடியைச் சுட்டிக்காட்டினார். யாரை ஆடவிடுவது என்று முடிவுசெய்பவர் மண்டியிடும்போது, அருகில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையால் அதைத் தனிமனிதரின் வேண்டுதலாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மதங்களைப் பற்றி வரலாறாகவும் இலக்கியமாகவும் கற்பிக்கலாம் என்று 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறுகிறது. அந்தப் பாடத்தை நன்றாக நடத்தக் கோருங்கள், நானும் உடன் நிற்பேன்.