குட் வில் ஹண்டிங்: கடைசியில் வில் பயத்தை வென்றானா, மறுபடியும் ஓடினானா?

மாலைக்காட்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1997-இல் வெளிவந்த ‘குட் வில் ஹண்டிங்’ படத்தைக் கடந்த வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் மனநிறைவோடு எழுந்துபோன எனக்கு, இந்த முறை கடைசிக் காட்சி நெஞ்சில் ஒரு கேள்வியாகவே தங்கிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் இல்லாமல் வளர்ப்பு வீடுகளில் அடிபட்டு வளர்ந்த வில், பாஸ்டன் நகரின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தவன். எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் தரை துடைக்கும் வேலை பார்க்கிறான். பேராசிரியர் லாம்போ மாணவர்களுக்கென்று நடைவழிக் கரும்பலகையில் எழுதிவைக்கும் கணக்குகளை, யாரும் இல்லாத நேரத்தில் தீர்த்துவைத்துவிட்டுப் போகிறான். அடிதடி வழக்கில் சிறையில் இருந்தவனை, தன்னோடு கணிதம் செய்ய வேண்டும், மனநல ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளின் பேரில் லாம்போ வெளியே கொண்டுவருகிறார். ஆலோசகராக வரும் ஷான் கதாபாத்திரத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்தார். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது.

என் கேள்வி இதுதான். லாம்போ தேடித்தரும் வேலைகளையெல்லாம் வில் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொள்கிறான். தன்னோடு கலிஃபோர்னியாவுக்கு வரும்படி அவனுடைய காதலி ஸ்கைலார் கேட்கும்போது, அவளை நேசிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே பொய் சொல்லி அவளை உடைக்கிறான். முடிவில், கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு, நண்பர்கள் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த பழைய காரில் அவளைத் தேடிப் புறப்படுகிறான். அவன் எதிர்காலத்தில் எதைக் கண்டு அஞ்சினான்? தோற்றுவிடுவோம் என்றா, வென்றுவிட்டால் திரும்பி வர முடியாதே என்றா? அந்தப் பயணத்தைத் துணிவு என்று சொல்வதா, இன்னொரு ஓட்டம் என்று சொல்வதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதாகிறது. கணிதத்தில் அவனுடைய ஆசிரியர்களே வியந்து பேசும் அளவுக்குத் திறமை உள்ளவன். ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பத்தை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பி வைத்திருந்தான். ஆனால் அதை அனுப்பாமலே கடைசித் தேதி கடந்துபோனது. ஏன் என்று கேட்டால், ஆராய்ச்சிக்கு எதிர்காலமே இல்லை என்பதற்கு அரைமணி நேரம் காரணம் சொல்கிறான். அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

பழைய_புரொஜெக்டர் (பதில்)

உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அதிகாரிகளிடம் வில் பேசும் காட்சி. ஏன் எங்களிடம் வேலைக்குச் சேரக்கூடாது என்று அவர்கள் கேட்கிறார்கள். அவனோ ஒரு சங்கிலியைக் கோத்துக்கொண்டே போகிறான்: நான் ஒரு சங்கேதக் குறியீட்டை உடைப்பேன், அதனால் எங்கோ ஒரு கிராமத்தின் மீது குண்டு விழும், நான் பார்த்தே இராதவர்கள் சாவார்கள், அங்கே போருக்குப் போகிறவன் என் தெருவைச் சேர்ந்த பையனாக இருப்பான், அவன் திரும்பி வரும்போது அவனுடைய வேலை வெளிநாட்டுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு பொருந்துகிறது. அரசியலாகப் பார்த்தாலும் அதில் பெரும்பகுதி நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பேச்சு தொடங்குவது அதிகாரிகளின் முன்னால். முடியும்போது அவன் உட்கார்ந்திருப்பது ஷானின் அறையில். அதாவது, அங்கே சொன்னதை இங்கே வந்து மறுபடியும் சொல்லி மகிழ்ந்துகொண்டிருக்கிறான். ஷான் அந்த வாதத்துக்குள் நுழையவே இல்லை; வில் என்ன செய்ய விரும்புகிறான் என்று கேட்கிறார். உலகத்துப் புத்தகங்களையெல்லாம் நுனிநாக்கில் வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆடு மேய்க்கப் போகிறேன் என்று நழுவப் பார்க்கிறான். ஷான் எழுந்து கதவைத் திறந்துவிடுகிறார்.

சாதாரண மனிதனுடைய பயம் திக்கித் திணறும். இவனுடைய பயத்துக்கோ அவனுடைய அறிவே வக்கீலாக வந்து நிற்கிறது. எந்த நீதிமன்றத்திலும் தோற்காத வக்கீல் அது. எனவே உங்கள் தம்பியின் காரணங்களை மறுக்க முயலாதீர்கள். அவை சரியாகவே இருக்கலாம். அவன் விண்ணப்பத்தை அனுப்பாததற்கு அவைதான் காரணம் என்று ஆகிவிடாது.

அதே காட்சியில் இன்னொன்றும் நடக்கிறது. செங்கல் அடுக்குவதிலும் மேன்மை உண்டு என்று வில் வாதிடும்போது, நாற்பது நிமிடம் ரயிலில் போய்த் தரை துடைப்பதிலும் மேன்மை உண்டு என்று ஷான் ஒப்புக்கொள்கிறார். பிறகு கேட்கிறார்: தரை துடைக்க எத்தனையோ இடங்கள் இருக்க, உலகின் தலைசிறந்த தொழில்நுட்பக் கல்லூரியில் வந்து ஏன் துடைக்கிறாய்? இரவில் ஒளிந்துகொண்டு அடுத்தவர் கணக்கை ஏன் முடித்துவைக்கிறாய்? ஆசை இல்லாதவன் கரும்பலகைப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டான். உங்கள் தம்பியும் ஒரு கட்டம் விடாமல் விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

பூச்சியம்_ஒன்று (பதில்)

புரொஜெக்டர் சொன்னதில் ஒரு சிறிய திருத்தம். அந்தத் துப்புரவு வேலை, சிறையிலிருந்து வந்த பிறகு வில்லைக் கண்காணிக்கும் அதிகாரி மூலமாகக் கிடைத்தது. லாம்போ விசாரிக்கப் போகும்போது பராமரிப்பு அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே அந்தக் கல்லூரியை அவன் தேடிப்போய்ச் சேர்ந்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சுண்ணக்கட்டியை எடுத்தது மட்டும் முழுக்க முழுக்க அவனுடைய முடிவு.

நான் கணிதம் கற்பிப்பவன் என்பதால் அந்தக் கரும்பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டாவது கணக்கு மர வரைபடங்களைப் பற்றியது. பத்துப் புள்ளிகள், அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும், எங்கும் வளையம் உண்டாகக்கூடாது, எந்தப் புள்ளியிலும் சரியாக இரண்டே கோடுகள் சேரக்கூடாது. இப்படி எத்தனை வடிவங்கள் உண்டோ அத்தனையையும் வரைய வேண்டும். விடை பத்து. படத்தில் அது மாபெரும் சவாலாகக் காட்டப்படுகிறது; உண்மையில் பொறுமையும் ஒரு தாளும் இருந்தால் கல்லூரி மாணவர் எவரும் வரைந்துவிடலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் என்னை நிறுத்தியது வேறு. வில் பலகையில் வரைந்துகொண்டிருக்கிறான். யாரோ கிறுக்குகிறார்கள் என்று நினைத்து லாம்போ சத்தம் போடுகிறார். அவன் திட்டிவிட்டு நழுவிவிடுகிறான். கணக்கின் முன்னால் அவனுக்குத் துளியும் பயம் இல்லை. மனிதர் ஒருவர் அவனைப் பார்த்துவிட்ட கணத்தில்தான் கால்கள் நகர்கின்றன.

ஷானின் உதவியைக் கேட்டு வரும் லாம்போ, வில்லை ராமானுஜனோடு ஒப்பிடுகிறார். அதில் அவர் சொல்லும் ஓலைக்குடிசைச் சித்திரம் தவறு. கும்பகோணத்தில் வீடும் பள்ளியும் ராமானுஜனுக்கு இருந்தன. கல்லூரி உதவித்தொகையும் கிடைத்து, மற்றப் பாடங்களில் தேறாததால் அது பறிபோனது. ஆனால் ஒப்பீட்டை முழுவதும் தள்ளிவிட வேண்டியதில்லை. அதை நேர்மாறாகப் படித்தால் உங்கள் கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கிறது. 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரியிலேயே, தாம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று ராமானுஜன் சொல்லிவிடுகிறார். தம் நிலையை முதலில் வைத்துவிட்டு, பிறகு தேற்றங்களை வைக்கிறார். வில்லோ, ஸ்கைலாரிடம் தனக்குப் பன்னிரண்டு அண்ணன்கள் இருப்பதாகக் கதை கட்டுகிறான். திறமையைக் காட்ட அவன் தயங்கியதே இல்லை. மதுக்கூடத்தில் ஒரு ஹார்வர்டு மாணவனை எல்லோர் முன்னிலையிலும் மண்ணைக் கவ்வவைக்கிறான். காட்டத் தயங்குவது தன்னைத்தான்.

ராமானுஜனும் அழைப்பு வந்தவுடனே கப்பல் ஏறிவிடவில்லை. முதலில் மறுத்தார், கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தது 1914 ஏப்ரலில். ஒரு கடைசித் தேதி போனதற்காக உங்கள் தம்பியைக் கைவிடாதீர்கள்.

இன்னொரு காட்சியையும் அவனுக்குப் போட்டுக் காட்டலாம். எழுதிய நிரூபணத்தை வில் கொளுத்திவிட, கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற லாம்போ தரையில் மண்டியிட்டு அந்த நெருப்பை அணைக்கிறார். தங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்ளக்கூடியவர்கள் உலகில் ஒரு கைப்பிடிதான் என்றும், தாமும் அவர்களில் ஒருவராகிப் போனதே தம் துயரம் என்றும் அவர் சொல்கிறார். இந்தப் படத்தில், ஷானும் வில்லும் கட்டித்தழுவும் காட்சிக்கு எல்லோரும் அழுவார்கள். நான் அழுவது இங்கேதான்.

கேட்கும்_செவி (பதில்)

நான் மனநல ஆலோசனைத் துறையில் பணிபுரிகிறேன். முந்தைய இருவரோடும் ஓரளவு முரண்படுகிறேன். வில்லுடையது எதிர்காலம் பற்றிய பயமே அல்ல என்பது என் கருத்து. நடந்து முடிந்த ஒன்று மறுபடியும் நடக்கும் என்று அவனுடைய உடம்பு எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவனைக் காக்க வேண்டியவர்களே கைவிட்டார்கள், அடித்தார்கள். அதனால் யாரும் தன்னை விட்டுப் போகும் முன்பே அவன் அவர்களை விரட்டிவிடுகிறான். லாம்போவோடு நடக்கும் சண்டையில் ஷானே இதைச் சொல்கிறார். ஸ்கைலாரின் விடுதி அறையில் நடக்கும் காட்சியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவனுடைய முகத்தை மட்டும் பாருங்கள். உதவி செய்ய விரும்புவதாக அவள் சொல்லும் கணத்தில்தான் அவன் சீறுகிறான். அன்பு நெருங்கும் வேகத்துக்குச் சரியாக அவனுடைய கோபமும் ஏறுகிறது.

துறை சார்ந்து ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் சந்திப்பிலேயே ஷான் அவனுடைய தொண்டையைப் பிடிக்கிறார். எந்த ஆலோசகரும் செய்யக்கூடாத காரியம் அது. உன் தவறு அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஒரே நாளில் அணையை உடைப்பதும் திரைக்கதையின் வசதி. அந்த இடத்துக்கு வந்துசேர மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். ஆனால் பிறகு வரும் ஓர் அமர்வில் இருவரும் ஒரு மணி நேரம் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அது எங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது. முதலில் பேசுவது யார் என்பதில் ஷான் காட்டும் பொறுமையை நான் பயிற்சி பெறுபவர்களுக்குச் சொல்வதுண்டு.

உங்கள் தம்பிக்கு வில்லைப் போன்ற காயம் இருக்கும் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலருக்குக் காயம் ஏதும் இல்லாமலே இந்தத் தயக்கம் வரும். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் வாதம்தான் கிடைக்கும். அனுப்பியிருந்து, இடமும் கிடைத்திருந்தால், அங்கே முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு_வாசகன் (பதில்)

முடிவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹார்வர்டில் ஒரு வகுப்புக்காக, வில்லாக நடித்த மேட் டேமன் தொடங்கிய எழுத்துதான், பென் அஃப்லெக்கும் சேர்ந்த பிறகு இந்தத் திரைக்கதையாக வளர்ந்தது. ஆரம்ப வடிவத்தில் அரசு முகமைகள் வில்லைத் துரத்தும் திகில் கதையும் இருந்தது. ராப் ரைனர் என்ற வேறோர் இயக்குநரின் யோசனைப்படி அதை நீக்கினார்கள். துரத்துகிறவர்கள் போன பிறகு, அவன் எதற்காக ஓடுகிறான் என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

ஆகவே அந்தக் கார் பயணத்தை நான் ஓட்டமாகப் பார்க்கவில்லை. முன்பு ஓடியதெல்லாம் யாரிடமும் சொல்லாமல். இந்த முறை ஷானுக்குக் கடிதம் எழுதி அவருடைய தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். 1975 பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஷான் எழுந்துபோன கதை உண்டல்லவா. அந்தக் காரணத்தையே வில்லும் கடிதத்தில் எழுதுகிறான். ஸ்கைலார் கதவைத் திறப்பாளா என்பதைப் படம் காட்டவில்லை. அவள் திறக்காமலும் போகலாம் என்று தெரிந்தே போகிறான், அதுதான் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மாலைக்காட்சி (பதில்)

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. பூச்சியம் ஐயா சொன்ன மரக் கணக்கை நேற்றிரவு தம்பியிடம் கொடுத்தேன். அது எந்தப் படத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைய ஆரம்பித்தான். ஒன்பது வடிவங்கள் விரைவில் வந்துவிட்டன. பத்தாவதற்காக, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அறைக்குள் நடந்தான். கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அப்போது, கேட்கும் செவி சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அக்கா, அங்கே எல்லோரும் இதை என்னைவிட வேகமாகப் போடுவார்கள். எவ்வளவு வேகமாக என்பது எனக்கு மட்டும் நன்றாகத் தெரியும்” என்றான்.

இத்தனை நாளும் நான் அவனை வில்லாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் அஞ்சுவது லாம்போ மண்டியிட்டிருந்த அந்த இடத்தை. அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இந்தச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து படத்தைப் பார்ப்பதாக இருக்கிறோம். அந்தக் காட்சி வரும்போது நான் ஒன்றும் பேசப்போவதில்லை.